கிண்டி பக்கம் வாடகை வீடு: காலி செய்து போகிறவரைப் பிடியுங்கள்

12 ஜூலை 2025, கேள்வி

எனக்குத் தென்காசிப் பக்கம். கிண்டியில் எம்.எஸ்சி. சீட் கிடைத்திருக்கிறது, ஆனால் ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பக்கத்துக் கல்லூரியில் சேருகிறார்கள், மூன்று பேரும் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு ஐயாயிரம் வரை வாடகை முடியும், அதற்கு மேல் வீட்டில் கேட்க முடியாது. எந்த ஏரியா பார்க்கலாம்? அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்? புரோக்கர் வேண்டுமா? பேச்சிலருக்கு வீடு கொடுப்பார்களா? சென்னைக்கு இதுவரை இரண்டே முறைதான் வந்திருக்கிறேன்.

12 ஜூலை, இரவு

தம்பி, எனக்குச் சாத்தூர். 2014 முதல் 2021 வரை கிண்டியில்தான் எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சிப் படிப்பும். ஏழு வருடத்தில் நான்கு இடம் மாறினேன். கோட்டூரில் ஒரு ரூம், வேளச்சேரியில் மாடிப் போர்ஷன், நங்கநல்லூரில் ஒற்றை அறை, கடைசியில் சைதாப்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல்.

மூன்று பேருக்குப் பதினைந்தாயிரம் என்றால் கோட்டூர், கோட்டூர்புரம், அடையாறு பக்கம் அலைய வேண்டாம். கிடைத்தாலும் பகலிலேயே லைட் போட வேண்டிய வீடாக இருக்கும். பீச் - தாம்பரம் மின்சார ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு கிண்டிக்குத் தெற்கே போ. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமாக மட்டும் பார். மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் போக்குவரத்து ஒரு செலவாகவே தெரியாது.

புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். முதல் ஒரு வாரம் அவர் இல்லாமலே தேடு. காலை ஏழு மணிக்கு ஒரு தெருவில் இறங்கி, முதலில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேள். எந்த வீடு காலி, எது காலியாகப் போகிறது, யார் எப்படிப்பட்ட ஓனர், எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு துணி வாங்கப் போகிறவர் அல்லவா? அடுத்து அண்ணாச்சி கடை. உன் பேச்சைக் கேட்டதுமே "எந்த ஊரு தம்பி?" என்று அவரே ஆரம்பிப்பார். கோட்டூர் ரூம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

இன்னொன்று. ஐந்து நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனி முடிய காலியான வீடுகள் ஒரு மாதம் சும்மாதான் கிடக்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவார். பேரம் பேச நல்ல நேரம்.

எல்லாவற்றையும்விட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓனரிடம் பேசுவதற்கு முன்னால், அந்த வீட்டைக் காலி செய்து போகிறவரைப் பிடி. அவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு அப்புறம் முடிவு செய். அவர் போய்விட்டிருந்தால் நம்பரையாவது வாங்கு. நான் இதைச் செய்யாமல் பட்டிருக்கிறேன்.

13 ஜூலை

தண்ணீரை விட்டுவிட்டேன். மெட்ரோ தண்ணீரா (குடிநீர் வாரியம் விடுவது), போர் தண்ணீரா, லாரியா? மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள், யார் போடுவார்கள்? வீட்டைப் பார்க்கப் போனதும் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடி. நிறம் பார், முகர்ந்து பார், வாயில் வைத்து உப்பா என்று பார்த்துத் துப்பு. ஓனர் முறைத்தால் முறைக்கட்டும்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோன சமயம் நான் நங்கநல்லூரில் இருந்தேன். காலையில் அரை மணி நேரம் குழாய், அவ்வளவுதான். ஆய்வகத்தில் வேலை முடிந்து ராத்திரி வந்தால் கால் கழுவ ஒரு சொம்பு. வாடகை குறைவு என்று எடுத்த வீட்டில் கேன் தண்ணீருக்குக் கொடுத்தே மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விட்டது.

14 ஜூலை

அட்வான்ஸ். சென்னையில் காலங்காலமாகப் பத்து மாத வாடகை. இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கும் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2016இல் வேளச்சேரி வீட்டுக்கு வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் தொண்ணூறாயிரம். மூன்று பெண்கள், ஆளுக்கு முப்பதாயிரம். என் பங்குக்கு அம்மா வளையலை அடகு வைத்தார்.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1960ஆம் வருடச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதிய வாடகைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் 90 நாளில் பதிவு செய்ய வேண்டும். சண்டை என்று வந்தால் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்தக் கூடாது. இதைக் காட்டிக் கேள், தம்பி. தைரியமாகக் கேள்.

16 ஜூலை

முந்தாநாள் எழுதியதில் ஒரு பிழை, திருத்திக்கொள்ளுங்கள். இங்கே படிக்கிற வழக்கறிஞர் ஒருவர் எடுத்துச் சொன்னார். போய்ச் சட்டத்தைப் படித்தேன், அவர் சொன்னது சரி. மூன்று மாதம் என்கிற அந்தப் பிரிவே "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்றுதான் தொடங்குகிறது. பத்து மாதம் என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லும். ஆகவே சட்டத்தைக் காட்டி ஓனரை மடக்க முடியாது. "மூணு மாசம்னு சட்டத்துல இருக்கு, நீங்க பத்து கேக்குறீங்க, அஞ்சுக்கு முடிச்சுக்கலாமா?" என்று கேட்பதற்கு அது உதவும், அவ்வளவுதான்.

பதினோரு மாத அக்ரிமெண்ட் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பழைய பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று. புதிய வாடகைச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை, எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு உண்டு. இருந்தும் நான் பார்த்த வரை நிறைய ஓனர்கள் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பேப்பராவது உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கு வழியாகப் போடுங்கள்.

19 ஜூலை

தம்பி நேற்று ஆறு வீடு பார்த்தானாம். நான்கில் "பேச்சிலருக்கு இல்லப்பா". ஐந்தாவது வீட்டில், "தென்காசியில எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். நங்கநல்லூரில் ஓர் அம்மா வீட்டைக் காட்டிவிட்டு, காபி கொடுத்துவிட்டு, "சாத்தூர்ல எந்தத் தெரு, யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் போனில், "வேற ஆளுக்குப் பேசிட்டோம்மா." இரண்டு வாரம் கழித்தும் அந்த கேட்டில் டூ-லெட் போர்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். போர்டைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இன்று எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. தம்பி, அந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. "வரேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. அந்த வீட்டில் ஒரு நாளும் நிம்மதி இருக்காது.

பேச்சிலர் விஷயம் வேறு. சத்தம் போடுவார்கள், ஆட்களைக் கூட்டிவருவார்கள், வாடகை பிந்தும் என்று பயம். இதற்கு வழி இருக்கிறது. அட்வான்ஸ் பேசப் போகும்போது மூவரில் யாருடைய அப்பாவாவது கூட வரட்டும். கல்லூரி அட்மிஷன் கடிதத்தின் ஜெராக்ஸை நீயே எடுத்துக் கொடு. மூவரில் யார் வாடகையைச் சேர்த்து ஐந்தாம் தேதிக்குள் போடுவார் என்று ஒரே பெயரைச் சொல். பாதிப் பேர் இளகுவார்கள்.

"சைவம்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றும் தம்பி கேட்டான். நங்கநல்லூரில் நான் கடைசியில் எடுத்த அறைக்கு அப்படித்தான் சொன்னேன். பதினான்கு மாதம். முட்டை வாங்கினால் கைப்பையில் அடியில் வைத்துக் கொண்டுபோவேன். அவித்த பிறகு ஓட்டை நியூஸ்பேப்பரில் சுற்றி மறுநாள் கிண்டிக்கு எடுத்துவந்து குப்பைத் தொட்டியில் போடுவேன். அவிக்கும்போது ஜன்னலைச் சாத்தி ஊதுபத்தி ஏற்றுவேன். கூட்டுப்புழு மாதிரி வாழ்ந்தேன். வேண்டாம் தம்பி, உண்மையைச் சொல்லிவிடு.

20 ஜூலை

ஈ.பி. கேட்க மறக்காதே: தனி மீட்டரா, சப்-மீட்டரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலை ஏறும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடினால் எல்லார் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும். ஓனர் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று ஒரே விலை போடுவார், இலவச யூனிட் உன் கணக்கில் வராது. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு ஐநூறு கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டம் இல்லை.

21 ஜூலை

ஹாஸ்டல் பற்றி ஒரு தங்கை கேட்டதற்கு. பெண்கள் தங்கும் தனியார் விடுதிக்குக் கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. "லைசென்ஸ் இருக்கா?" என்று கேள், சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பார். பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்தால் காரணம் கேள். மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று 2024இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாட்டை வாயால் விசாரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போய் மெஸ்ஸில் உட்கார்ந்து பார்.

24 ஜூலை

ஆடியில் பேரம் படியும் என்று எழுதியிருந்தேன். தம்பியின் அனுபவம் வேறாக இருக்கிறது. வாடகையில் ஐநூறு குறைக்கிறார்கள், சரி. ஆனால் சாவியை ஆவணி பிறந்தால்தான் கொடுப்போம் என்கிறார்கள். ஓர் ஓனர் அட்வான்ஸை இப்போதே கட்டச் சொன்னாராம், ஆடி மாத வாடகையையும் சேர்த்து. குடியேறவும் கூடாது, வாடகையும் தர வேண்டுமா? அதற்கு ஒத்துக்கொள்ளாதே. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாடகை ஆவணி ஒன்றிலிருந்துதான் என்று எழுத்தில் வாங்கு.

வகுப்பு தொடங்கியபின் ஆவணி வரை எங்கே தங்குவது என்கிறான். திருவல்லிக்கேணி மேன்ஷனில், அதாவது பேச்சிலர்கள் தங்கும் லாட்ஜில், நாள் வாடகைக்கோ வார வாடகைக்கோ இடம் கிடைக்கும். பெட்டி படுக்கை எல்லாம் கொண்டுபோகாதே, இரண்டு செட் துணி போதும்.

25 ஜூலை

ஆன்லைனில் போட்டோ பார்த்து யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். என் ஜூனியர் ஒருத்திக்கு நடந்தது இது. ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூர் மாற்றல், வீடு சும்மா இருக்கிறது என்று ஒருவன் அடையாள அட்டை படமெல்லாம் அனுப்பினான். "கேட் பாஸுக்கு ஐயாயிரம் போடுங்க, வந்து பாருங்க" என்றான். போட்டாள். அந்த முகவரியில் இருந்தது ஒரு மாவு மில்.

27 ஜூலை

நான் எழுதியதையெல்லாம் இன்று காலையில் முதலிலிருந்து படித்தேன். காலி செய்து போகிறவரைப் பிடி என்று முதல் நாளே அழுத்தி எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டது மறதியால் இல்லை.

வேளச்சேரி வீட்டின் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, கேட்டுக்குள் நுழைந்ததும் வலது பக்கம், துளசி மாடத்தை ஒட்டி. இரும்பு மூடி, ஓரமெல்லாம் துரு. தெரு மட்டத்தைவிட அரை அடி பள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தின் கறை கீழ் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருந்ததாம். நாங்கள் 2016 ஜூனில் போனபோது புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள், கறை எதுவும் தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களை நாங்கள் தேடவும் இல்லை.

2017 மழைக்காலத்தில் ஒரு நாள் பல் தேய்க்கும்போது வாயில் ஒரு வாடை. கீழே இறங்கி மூடியைத் தூக்கி, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். தண்ணீர் மேலே ஆடை கட்டியிருந்தது. பக்கச் சுவரில் ஒரு விரிசல் வழியாகக் கறுப்பாக ஒரு நூல் மாதிரி உள்ளே வடிந்துகொண்டிருந்தது. தெருச் சாக்கடை. எத்தனை நாளாக வடிந்ததோ! பத்து நாளில் எங்கள் மூவரில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை. அவளை அவள் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப்போனார், அந்த செமஸ்டர் போய்விட்டது. ஓனர் சம்ப்பைச் சுத்தம் செய்து மேலோட்டமாக சிமெண்ட் பூசினார். அடுத்த மழையில் மறுபடியும் அதே வாடை.

2018 மே மாதம் காலி செய்தோம். ஓனர் சொன்னது இது: "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் உங்களுக்கு நான் திருப்ப முடியும்." பணத்தை அவர் செலவழித்துவிட்டிருந்தார். சென்னையில் இது சாதாரணம். அந்த வாரமே மூன்று பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள், முதல் வருட மாணவிகள். நல்ல வெயில், சம்ப் தெளிவாக இருந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தண்ணி எப்படி?" என்று கேட்டாள்.

"இருபத்து நாலு மணி நேரமும் வரும்மா" என்றேன்.

பொய் இல்லை. வரும்தான். அவள் கேட்டது அது இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் வளையல் இரண்டு வருடமாக அடகில் இருந்தது. என் தலையில் அது மட்டும்தான் ஓடியது. அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள். எங்களுக்குத் தொண்ணூறில் எழுபத்தேழாயிரம் வந்தது. பெயிண்டிங்குக்கு ஒன்பதாயிரம், மீதி நாலாயிரம் குழாய், ஈ.பி. என்று பிடித்தார். வளையலை மீட்டேன்.

அதனால் தம்பி, காலி செய்கிறவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதே. முதலில், "உங்க அட்வான்ஸ் கைக்கு வந்துடுச்சா?" என்று கேள். வரவில்லை என்றால் அவரும் ஓனர் பக்கம்தான் பேசுவார், பேச வேண்டிய நிலைமை. அப்படியானால் அவருக்குமுன் இருந்தவரைத் தேடு. எதிர் வீட்டில் கேள், இஸ்திரிக்காரரிடம் கேள், கேன் தண்ணீர் போடுகிற பையனிடம் கேள். ஒரு வீட்டுக்கு வாரம் எத்தனை கேன் போகிறது என்று அவன் சொன்னாலே குழாய்த் தண்ணீரின் லட்சணம் தெரிந்துவிடும்.

30 ஜூலை

அந்தக் கண்ணாடிப் பெண்ணின் நம்பர் பழைய போனில் இருந்தது, "வேளச்சேரி புது ஆள்" என்று. ஏழு வருடம் ஆகிவிட்டது, மாற்றியிருப்பாள் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். இப்போது ஓசூரில் வேலை. யார் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது அவளுக்கு.

சம்ப் விஷயம் எனக்குத் தெரியும், தெரிந்தே சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: "முதல் மழையிலேயே தெரிஞ்சுடுச்சு அக்கா. குடிக்க, சமைக்க எல்லாம் கேன்தான். யாருக்கும் ஒண்ணும் ஆகல." எனக்கு மூச்சு வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வைக்கப் போகும்போது, "நாங்க காலி பண்ணப்போ மூணு பொண்ணுங்க வந்தாங்க அக்கா, நானும் அதையேதான் சொன்னேன்" என்றாள்.

3 ஆகஸ்ட்

போன வாரம் எழுதியதற்கு நிறையப் பேர் தங்கள் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சிலர் என்னைத் திட்டியும் இருக்கிறீர்கள். திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இந்த ஆடி முடிய வீடு காலி செய்கிறவர்கள், அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகாவது, அந்த வீட்டின் தண்ணீர், ஈ.பி., மழை நிலவரம் மூன்றையும் இங்கே எழுதுங்கள். ஓனர் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். தெருவும் மாடியும் போதும்.

17 ஆகஸ்ட்

ஆவணி ஒன்று. தம்பி இன்று காலை பால் காய்ச்சிவிட்டான். பழவந்தாங்கல், ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை, இரண்டாவது மாடி. வாடகை பதினான்காயிரம், அட்வான்ஸ் ஐந்து மாதம். புரோக்கர் இல்லை, இஸ்திரிக்காரர் சொன்ன வீடுதான்.

காலி செய்து போனவர் ஒரு வங்கி ஊழியர். அட்வான்ஸ் வந்துவிட்டதா என்று தம்பி கேட்டதற்கு, "பாதிதான் வந்திருக்கு" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். மேல் தளம் மதியத்தில் கொதிக்கும், மழை பெய்தால் ஸ்டேஷன் பக்கத்து சப்வேயில் தண்ணீர் நிற்கும், பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள் என்பதையும் அவரே சொன்னாராம். சம்ப் மூடியையும் தூக்கிக் காட்டியிருக்கிறார். எதிர் வீட்டிலும் விசாரித்தோம், ஒத்துப்போனது. பெயிண்டிங்குக்கு அரை மாத வாடகைக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்க்கக் கேட்கச் சொன்னேன். ஓனர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துவிட்டார்.

மீட்டர் ரீடிங் 4417. போட்டோ எடுத்து ஓனருக்கும் மற்ற இரண்டு பையன்களுக்கும் அனுப்பிவிட்டான். எனக்கும் ஒன்று வந்தது.